படுக்க மறுத்த வைப்பர்

"யார் தப்புப் பண்றதுன்னு எனக்குத் தெரியணும். பேரை மட்டும் சொல்லு."

கனகசபாபதி நோட்டையும் பேனாவையும் கையோடு கொண்டுவந்திருந்தார். ஓசூர்ப் பக்கம் கார் வைப்பருக்கு மோட்டார் செய்கிற கம்பெனியில் அவர்தான் டிசைன் தலைமை. இருபத்தாறு வருஷ சர்வீஸ். எதிரே நின்ற சுகந்திக்கு வயசே இருபத்தொன்பது. மோட்டார் மாட்டுகிற பதினெட்டுப் பெண்களுக்கு அவள் லீடர்.

விஷயம் இதுதான். சுவிட்சை அணைத்தால் வைப்பர் கண்ணாடியின் அடியில் போய்ப் படுக்க வேண்டும். சில கார்களில் அது நட்டுக்குத்தலாக நின்றது. மோட்டாருக்குள் இருக்கும் பித்தளைத் தகட்டை யாரோ திருப்பி மாட்டிவிடுகிறார்கள். இன்னும் ஒன்று அப்படி வந்தால் ஆர்டர் கிடையாது என்று கார்க் கம்பெனிக்காரன் கடுதாசி போட்டுவிட்டான். ஆர்டர் போனால் பதினெட்டுப் பேருக்கும் வேலை போச்சு.

அவரும் சும்மா இருக்கவில்லை, பாவம். 'கவனம்' என்று சிவப்பில் ஒரு போர்டு மாட்டினார். 'பேசாதே' என்று இன்னொன்று. மூச்சு விடாதே என்று எழுதாத குறைதான். தப்பு மட்டும் நின்றபாடில்லை.

சுகந்தி தன் ஸ்டூலைத் துடைத்து அவர் பக்கம் தள்ளினாள்.

"ஐம்பது மோட்டாருக்குத் தகடு மாட்டுங்க சார். அப்புறம் பேரைச் சொல்றேன்."

இதென்ன கூத்து என்று நினைத்தாலும் உட்கார்ந்தார். படம் வரைந்ததே அவர்தானே. முதல் பத்து மளமளவென்று முடிந்தது. இருபதில் வேர்த்தது. முப்பதில் கழுத்து பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு கை அது பாட்டுக்குப் போனது.

ஐம்பதையும் சுகந்தி ஒவ்வொன்றாக வைப்பர் பூட்டி ஓட்டி நிறுத்தினாள். நாற்பத்து மூன்றாவது நட்டுக்குத்தலாக நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

சுகந்தி நோட்டைப் பிரித்து, பேனா மூடியைக் கழற்றி நீட்டினாள்.

"பேரை எழுதிக்கோங்க சார்."

அவர் முகம் சிவந்தது. அப்புறம் எங்கிருந்தோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இனிஷியலோடு எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

பிறகு அந்த மோட்டாரைப் பிரித்துப் பார்த்தார். தகடு உட்காருகிற முளைகள் இரண்டு. இரண்டும் ஒரே பருமன். பார்க்க லட்சணமாக இருக்கிறதே என்று அவரே அப்படி வரைந்தது. எப்படித் திருப்பி வைத்தாலும் தகடு சமர்த்தாக உட்கார்ந்தது.

மூன்று வாரம் கழித்து வந்தார். இப்போது ஒரு முளை தடி, ஒரு முளை ஒல்லி. தகட்டின் ஓட்டைகளும் அதற்கேற்றபடி.

"இதைத் தப்பா மாட்டு, பார்க்கலாம்."

சுகந்தி திருப்பி வைத்து அழுத்தினாள். உட்காரவில்லை. துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டு மாட்டினாள். தடவிய கையோடேயே தகடு சரியாகப் போய் உட்கார்ந்தது. இப்படிக் கொடுடி என்று பக்கத்து ஸ்டூல் பிலோமினா பிடுங்கினாள். பதினெட்டுப் பேரும் முறை போட்டுக்கொண்டு தப்புப் பண்ணப் பார்த்தார்கள். கட்டைவிரல் சிவந்ததுதான் மிச்சம். சிரித்துச் சிரித்து ஒருத்திக்கு விக்கலே வந்துவிட்டது.

கனகசபாபதி சந்தோஷம் தாங்காமல் தானே போய் இரண்டு போர்டையும் கழற்றினார்.

திரும்பினால், சுகந்தி ஸ்டூலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்களால தப்புப் பண்ண முடியலை. நீங்க ஒரு தடவை உட்காருங்க சார், உங்களுக்குத்தான் அது கைவந்தது."