தாசில்தார் அறையின் செருப்புச் சட்டம்

பனையடிக்குளம் தாலுகா ஆபீசிலே ரத்தினசபாபதி என்றொரு தாசில்தார். அவர் தொண்டையைச் செருமினால் மூன்று தெரு தள்ளிக் கட்டியிருக்கும் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். ஏழைபாழைகள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அவர் அறைக்குள் கால் வைக்கலாம்.

செங்கல் சூளை மாடத்தி மகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க வந்தாள். சாயங்காலத்துக்குள் கொடுக்காவிட்டால் பிள்ளைக்குக் காலேஜ் இடம் போச்சு. வாசலில் நின்று எட்டிப் பார்த்தால், உள்ளே அரிசி மில் முதலாளி பூட்ஸ் காலோடு காபி குடித்துக்கொண்டிருக்கிறார்.

“அவுகளுக்கு மட்டும் செருப்புச் சட்டம் கிடையாதா, ஐயா?”

“வாயப் பாரு!” என்று தாசில்தார் செருமினார். “சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். கலெக்டரே வந்தாலும் கழட்டணும். நீ நாளைக்கு வா, போ!”

மாடத்தி போகவில்லை. கலெக்டரம்மா அன்றைக்கு வருவதாக ஆபீசே பரபரத்துக் கிடந்தது. ஜீப் வந்து நின்றதும் வாசலை மறித்துக் கும்பிட்டாள்.

“தாயீ, செருப்பக் கழட்டிருங்க. கலெக்டரே வந்தாலும் கழட்டணும்னு ஐயா சொல்லியிருக்காக.”

கலெக்டரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனார். தாசில்தாருக்கு ஊற்றிய வேர்வையில் அரை ஏக்கர் நெல் நடலாம். இன்னும் எதிரே உட்கார்ந்திருந்த மில் முதலாளியைப் போலவே அவர் காலிலும் பளபளவென்று பூட்ஸ்!

“என்ன சார் இது?”

தாசில்தார் பூட்ஸ் காலை மேஜைக்கடியில் இழுத்துக்கொண்டார். வாசலிலிருந்து மாடத்திதான் பதில் சொன்னாள்:

“ஐயாவ வையாதீக, தாயீ. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். இவுக ரெண்டு பேரு காலுக்குந்தான் இன்னும் தகவல் போய்ச் சேரல.”

கலெக்டரம்மா சிரித்துவிட்டார். “செருப்போடயே உள்ள வாம்மா” என்றார். மாடத்தி டப்டப்பென்று நடந்துபோய், தாசில்தார் அவசர அவசரமாகக் கையெழுத்துப் போட்டு எழுந்து நின்று நீட்டிய சான்றிதழை வாங்கிக்கொண்டாள்.