நடுக்கோடு

"நாங்க பன்னெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு. நீங்க மட்டும் ஏன் மேடம் போடாம வச்சிருக்கீங்க?"

கேட்டவள் முத்துப்பேச்சி, கல்லூரிப் பெண்கள் கபடி அணியின் கேப்டன். பதில் சொல்ல வேண்டியவர் பயிற்சியாளர் ரோசலின். மாஸ்க்கோடு கேட்டதால் கோபம் பாதிதான் வெளியே வந்தது.

கொரோனா இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் போட்டியை நடத்தியே தீருவது என்று மேலே முடிவாகிவிட்டது. வருகிறவர்கள் சொந்தப் பொறுப்பில் வருவதாக எழுதித் தர வேண்டுமாம், பயிற்சியாளரும் அதில் கையெழுத்துப் போட வேண்டுமாம். பொறுப்பைக் கைகழுவுவதில் நம் ஆட்கள் எப்போதுமே கெட்டிக்காரர்கள். சோப்புகூடத் தேவையில்லை.

"இது எனக்குக் கடைசி வருஷம் மேடம். இந்த சர்டிபிகேட் இருந்தாத்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல போலீஸ் வேலைக்குப் போக முடியும்."

"அப்பா எப்படி இருக்காரு?"

பேச்சி தயங்கினாள்.

"வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ். நான்தான் கூட்டிட்டுப் போறேன்."

ரோசலின் ஆளில்லாத மைதானத்தைக் கைகாட்டினார்.

"ஒரு ரெய்டு போ."

"எதிர்ல யாருமே இல்லியே?"

"போ."

பேச்சி மாஸ்க்கைக் கழற்றிப் பையில் வைத்தாள். நடுக்கோட்டைத் தொட்டுக் கும்பிட்டாள். கபடி, கபடி என்று பாடிக்கொண்டு போனாள்.

நான்கு மாதம் ஆடாத கால். மண்ணில் பட்டதும் அதற்கு உற்சாகம் தாங்கவில்லை. இல்லாத ஆளைத் தொட்டாள். இல்லாத பிடியிலிருந்து துள்ளி விலகினாள். மூச்சு முடியப் போகிற நேரத்தில் திரும்பினாள்.

நடுக்கோட்டைக் காணோம்.

ரோசலின் அதன் மேலேயே காலைத் தேய்த்துக்கொண்டு நடந்திருந்தார். சுண்ணாம்புக் கோடு இருந்த இடம் வெறும் மண்.

பேச்சி பாட்டை விடாமல் அங்கும் இங்கும் பார்த்தாள். எதைத் தொட்டால் வந்து சேர்ந்ததாக அர்த்தம்? அதற்குள் மூச்சு விட்டுப்போயிற்று.

"என்ன மேடம் இது! கோட்டை அழிச்சுட்டா நான் எப்படித் திரும்பி வர்றது?"

"எனக்கும் தெரியல" என்றார் ரோசலின். "அதான் கையெழுத்துப் போடல."

பேச்சி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. நிம்மதிதான் அதிகம்.

"சர்டிபிகேட் போச்சே மேடம்."

"போச்சு."

"நான் போட்டேன்னுதான் அவளுங்களும் போட்டாளுங்க."

"கேட்டுப் பாரேன்."

பேச்சி போனை எடுத்து, அணியின் வாட்ஸ்அப் குழுவில் பேசி அனுப்பினாள். "ஏ புள்ளைகளா, நான் வரல. எனக்குப் பயமா இருக்கு."

முதல் பதில் சகாயத்திடமிருந்து வந்தது. எவ்வளவு பெரிய ரெய்டர் வந்தாலும் காலைப் பிடித்துச் சாய்க்கிறவள்.

"அப்பாடா! யாராச்சும் மொதல்ல சொல்ல மாட்டாங்களான்னு ஒரு வாரமா தூங்கல அக்கா."

அடுத்தது, அதற்கடுத்தது என்று பத்து நிமிடத்தில் பதினொரு அப்பாடா வந்துவிட்டது.

பேச்சி மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மாஸ்க்கை மாட்டினாள். ஓரத்தில் இருந்த சுண்ணாம்புத் தூள் வாளியை எடுத்து வந்து, குனிந்து கோடு போட ஆரம்பித்தாள்.

"இன்னைக்கு ஆட்டமே இல்லியே புள்ள?"

"திரும்பி வர்றப்ப இருக்கணும்ல மேடம்."