வெற்றிலைப் பெட்டிக்குத் தமுக்கு

முன்னொரு காலம் என்றால் எந்தக் காலம் என்று கேட்கக் கூடாது. ராஜா நினைத்ததெல்லாம் சட்டமான காலம், அவ்வளவுதான். அப்போது திரிலோகசேனர் என்றொரு மன்னர் இருந்தார். நல்ல மனுஷர். ஆனால் பயந்துவிட்டால் அவருக்குக் கண்மண் தெரியாது.

ஒருநாள் அரண்மனை மதில் வேலைக்குச் சுட்ட சுண்ணாம்பு நிறைய ஏற்றி வந்த பாரவண்டி ஒன்று, கோட்டை வாசலில் மழையில் மாட்டிக்கொண்டது. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதித்துப் பொங்கும். அந்தச் சூட்டில் அடியில் பரப்பியிருந்த வைக்கோல் பற்றி, வண்டியும் எரிந்துபோனது. ஆளுக்கோ மாட்டுக்கோ ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மன்னர் உப்பரிகையிலிருந்து அதைப் பார்த்துவிட்டார்.

"இனி ஆபத்தான பொருளை எவரும் வண்டியில் சும்மா கொண்டுபோகக் கூடாது. உடனே சட்டம் இயற்றும்" என்று அமைச்சர் விருபாட்சருக்கு உத்தரவு பறந்தது.

விருபாட்சர் வாயில் வெல்லக்கட்டி விழுந்த மாதிரி ஆயிற்று. அவருக்குச் சபை விகடன் அம்பலத்தானைக் கண்டாலே ஆகாது. தாம் தொண்டை வறளப் பேசினாலும் கொட்டாவி விடுகிற மன்னர், அம்பலத்தான் வாயைத் திறந்தாலே சிரிக்கிறாரே என்ற வயிற்றெரிச்சல். அவர் எழுதிய சட்டம் இதுதான்: சுண்ணாம்பு, கந்தகம், கற்பூரம், எண்ணெய், எதுவானாலும், ஒரு சிட்டிகையானாலும், யாருடைய வண்டியானாலும், முன்னால் ஒருவன் தமுக்கடித்து 'ஆபத்து வருகிறது, விலகுங்கள்' என்று கூவ வேண்டும். பின்னால் நான்கு பேர் தண்ணீர்க் குடம் சுமக்க வேண்டும். ஆட்களை வண்டிக்காரரே பிடிக்க வேண்டும்.

"இதைக் கோட்டை வாசலில் நின்று காக்க அம்பலத்தானே தகுந்தவன், பிரபு. ஒரு வண்டியைத் தப்பவிட்டாலும் அவனை நாடு கடத்திவிடலாம்" என்று முடித்தார் விருபாட்சர். மன்னர் பயத்திலேயே தலையாட்டிவிட்டார்.

பாவம் அம்பலத்தான். விளக்கெண்ணெய்க்காரர், வைத்தியர், கொல்லர் என்று வந்தவர்களெல்லாம் ஆள் பிடிக்க வழியில்லாமல் திரும்பினார்கள். போகிறபோது திட்டியது அவனைத்தான். ஊரைச் சிரிக்க வைத்தே பழகியவனுக்கு அது பொறுக்கவில்லை.

அன்று மத்தியானம் ஒற்றைமாட்டு வண்டியில் பூவாயி வந்தாள். ஏரி மதகுகளுக்குப் பூச்சு வேலை செய்கிறவள். வண்டியில் சாந்து பூசுகிற கரணை, கொஞ்சம் மணல், மணலில் பாதி புதைந்த ஒரு மண்சாடி. சாடிக்குள் சுட்ட சுண்ணாம்பு.

"சாமி, பெரிய ஏரி மதகு கீறல் விட்டிருக்கு. மேக்கால வானம் கறுத்துக்கிட்டு வருது. மழை முந்திக்கிட்டா மதகு புட்டுக்கும். அதுக்குக் கீழதான் எங்க தெரு, எம்புள்ளைங்க அங்கதான் இருக்கு. என்னைய விட்ருங்க."

"தமுக்குக்காரன் இல்லையா, தாயி?"

"எங் கூலி கஞ்சிக்கே காணல. தமுக்குக்கு நான் எங்க சாமி போவேன்?"

அம்பலத்தான் சாடியைப் பார்த்தான். வாயில் மெழுகுத்துணி இறுகக் கட்டியிருந்தது. மேலே ஓட்டு மூடி. இன்னதென்று தெரிய வெளியே மூன்று வெள்ளைக் கோடு. இத்தனை பத்திரமாக வந்தவளைத் திருப்பி அனுப்ப அவனுக்கு மனசு வரவில்லை. விட்டாலோ அவனை நாடு கடத்திவிடுவார்கள். அன்று மன்னர் மதில் வேலையைப் பார்வையிட வரும் நாள் என்பது அவன் நினைவுக்கு வந்தது.

"மாட்டை அவுக்காதே தாயி. ஓரமா நில்லு. மழைக்கு முன்னால நீ போயிருவே" என்றான்.

சற்று நேரத்தில் மன்னரும் விருபாட்சரும் ஏறிய தேர் வந்தது. அம்பலத்தான் குறுக்கே கோலை நீட்டினான்.

"மன்னிக்க வேண்டும், பிரபு. தங்கள் அருகில் இருப்பது என்ன?"

"வெற்றிலைப் பெட்டி."

"அதில் என்ன உள்ளதோ?"

"வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு" என்ற மன்னர், கடைசிச் சொல்லோடு வாயை மூடிக்கொண்டார்.

விருபாட்சர் சீறினார். "நீரில் ஆறிய சுண்ணாம்பு, அதுவும் விரல்நுனி அளவு. அதற்குமா தமுக்கு?"

"ஆறியது, ஆறாதது என்று சட்டத்தில் பேதமில்லை, அமைச்சரே. ஒரு சிட்டிகையானாலும், யாருடைய வண்டியானாலும் என்று எழுதியது தாங்கள். தப்பவிட்டால் நாட்டைவிட்டுப் போகிறவன் நான்."

தாம் ஒப்பிய சட்டத்தைத் தாமே மீறுவதா என்று எண்ணிய மன்னர், அரண்மனைத் தமுக்குக்காரனை அழைத்துவரச் சொன்னார். தமுக்குக்காரன் முன்னால் போனான். குடம் சுமக்க ஆள் ஒன்று குறையவே, நாலாவது குடம் விருபாட்சர் தலையில் ஏறியது.

"ஆபத்து வருகிறது, விலகுங்கள்" என்ற கூவலைக் கேட்டுத் திரும்பிய ஜனங்கள், பின்னால் வந்த ராஜாவைக் கண்டார்கள். கடைகள் படபடவென்று சாத்தப்பட்டன. தினமும் அவருக்கு மாலை போடுகிற பூக்காரி கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். தம்மைக் கண்டு ஊர் ஓடுவதை மன்னர் அன்றுதான் பார்த்தார். பாதித் தெருவிலேயே தேரைத் திருப்பச் சொல்லி, கோட்டை வாசலுக்கே வந்து சேர்ந்தார்.

"என் ஊருக்கு என்னையே ஆபத்தாக்கிவிட்டாய், அம்பலத்தான்."

"ஆக்கியது நானல்ல, சட்டம். ஆனால் பிரபு, இத்தனை நாள் இந்தப் பெட்டி எப்படிப் பத்திரமாகப் போயிற்று? சுண்ணாம்புக்குத் தனிச் சிமிழ், இறுகின மூடி, வேலைக்கு வேண்டிய அளவு. உள்ளே இருப்பது என்னவென்று கொண்டுபோகிறவருக்குத் தெரியும். அதோ, அந்தப் பெண்ணின் சாடியும் அப்படியே. வண்டி நிறையக் கொண்டுவருகிறவனுக்குத் தமுக்கு வேண்டும். கைவேலைக்குக் கொஞ்சம் கொண்டுபோகிறவளுக்கு, தாங்கள் வெற்றிலைக்குக் காட்டும் கவனம் போதும். சுண்ணாம்பின் பின்னால் தண்ணீர் மட்டும் வேண்டாம். அன்று வண்டியை எரித்ததே அதுதான்."

மன்னர் பெட்டியைப் பார்த்தார், சாடியைப் பார்த்தார், குடம் தளும்பித் தொப்பலாக நின்ற அமைச்சரைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், தேர்க்குதிரையே மிரண்டுவிட்டது.

"உன் சொல்லே இனிச் சட்டம். உனக்கு என்ன வேண்டும், கேள்" என்று முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.

"இந்த வாசலிலிருந்து விடுதலை, பிரபு."

அதற்குள் முதல் தூறல் விழுந்தது. பூவாயி பதறிப்போய் முந்தானையைச் சாடிமேல் விரித்தாள். மன்னர் அதைக் கவனித்தார்.

"என் குடையை அந்த வண்டிக்குப் பிடியுங்கள். நான் நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம்" என்றார். பிடிக்கிற பொறுப்பை விருபாட்சருக்கே கொடுத்தார்.

அப்படியாக, வெண்கொற்றக் குடையின் கீழ் ஒரு சுண்ணாம்புச் சாடி ஏரிக்குப் போய்ச் சேர்ந்தது. பூவாயி மளமளவென்று பூசி முடித்தாள். விடிய விடிய மழை கொட்டியும் மதகு நின்றது. பூச்சு இறுகும்வரை, குடையோடு விருபாட்சரும் நின்றார்.