பேர் சொல்லிக் கூப்பிடாத நாத்தனார்

ஒரு ஊர்ல ஒரு அண்ணியும் ஒரு நாத்தனாரும் இருந்தாங்க. காலைப் போர்வைக்குள்ள இழு, அப்பத்தான் மேல சொல்லுவேன். ம், அப்படி.

அது மலை உச்சியில இருக்கிற ஊரு. குளிர்காலம் வந்தா பனி கொட்டும். நம்ம ஊர்ல மார்கழியில காலையில வந்துட்டு வெயில் ஏறினதும் ஓடிப்போற பனி இல்ல. ஃப்ரீஸரைத் தொறந்து சொரண்டித் தின்னு என்கிட்ட அடி வாங்குவியே, அந்தப் பனி. வாசக்கதவு உயரத்துக்கு நிக்கும். அந்த ஊர்ல ராத்திரி அடுப்பு அணைஞ்சா காலையில ஆள் எந்திரிக்க மாட்டாங்க. அதனால விறகு வெட்டியே ஆகணும். "ம்" கொட்டு.

அண்ணி பேரு நாச்சியா. நாத்தனார் பேரு பவளம். நாச்சியாவோட புருஷன், அதான் பவளத்துக்கு அண்ணன், கம்பும் சோளமும் வாங்கியாரேன்னு அடிவாரத்துக்கு எறங்குனான். அப்போ பார்த்து பனி சரிஞ்சு வழி அடைச்சிடுச்சு. இனி பனி உருகுனாத்தான் அவன் ஏற முடியும். அடுக்கி வெச்ச விறகும் தீந்துபோச்சு. வீட்டுல ரெண்டு பொம்பளைங்க, ஒரு கைக்குழந்தை, ஒரு கோடாலி. அவ்வளவுதான்.

இதுல என்ன கூத்துன்னா, ரெண்டு பேருக்கும் பேச்சு கிடையாது.

பவளம் கட்டிக்குடுத்த எடத்துல வாழ முடியாம பொறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவ. ஒரு நாள் அடுப்பு புகைஞ்சுது. நாச்சியா வெடுக்குன்னு, "இவ கை பட்டா எதுதான் வெளங்கும்?"னுட்டா. அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க எல்லாம் இருந்தாங்க. பவளத்துக்கு மொகம் செத்துப்போச்சு. "இனி இந்த வாயால உங்களைக் கூப்பிட்டேன்னா எம் பேரு பவளம் இல்ல"ன்னா. அன்னையிலருந்து எது பேசணும்னாலும் கைக்குழந்தை வழியாத்தான்.

"பாப்பா, உங்கம்மா கஞ்சியில உப்புப் போட்டாங்களா, இல்ல உப்புல கஞ்சி ஊத்துனாங்களான்னு கேளு."

"பாப்பா, உங்கத்தை நாக்குதான் அப்படின்னு சொல்லு."

அது பாவம், பல்லு கூட மொளைக்கல, "ங்ஙா"ங்கும். சிரிக்காத, இனிமேதான் விஷயம் இருக்கு.

அந்த ஊர்ல மரம் வெட்ட ஒரு கட்டுப்பாடு உண்டு. முதல்ல பனியை மிதிச்சு, மரத்துக்குப் பின்னால சாய்வா ஓடுறதுக்கு வழி போட்டுக்கணும். அப்புறம் நீளக் கழியால கிளையைத் தட்டி மேல இருக்கிற பனியை உதுக்கணும். அப்புறம், தனியா வெட்டக் கூடாது. ஒருத்தர் வெட்டணும், ஒருத்தர் தள்ளி நின்னு உச்சியைப் பாக்கணும். வெட்டுறவங்க நிமிந்து பாக்கவே கூடாது. மரம் அசைஞ்சா, பாத்துக்கிட்டு நிக்கிறவங்க பேரைச் சொல்லிக் கூப்பிடணும். மாமான்னோ அத்தைன்னோ இல்ல, மொட்டையா பேரு. காட்டுல ஆயிரம் சத்தம் கேக்கும். சொந்தப் பேரு காதுல விழுந்தாத்தான் ஒடம்பு தானா ஓடுமாம். மாமனாராவே இருந்தாலும் மருமக அவர் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவா, அங்க அது மரியாதைக் குறைச்சல் இல்ல.

ம் கொட்டுடி. தூங்கிட்டியா? சரி.

அப்போ நாச்சியா கோடாலியைத் தூக்கிக்கிட்டா. பவளம் குழந்தையை நெஞ்சோட சேத்துக் கட்டிக்கிட்டா. ரெண்டு பேரும் காட்டுக்குப் போனாங்க. சரக் சரக்னு பனியில கால் வெச்சு, ஒருத்தி முன்னால, ஒருத்தி பின்னால.

முதல்ல ஒரு சின்ன மரம். பவளம் வழி மிதிச்சா, பனி உதுத்தா, எல்லாம் செஞ்சா. பேரை மட்டும் சொல்ல மாட்டாளாம். கையில ஒரு கட்டை எடுத்துக்கிட்டா. நாச்சியா வெட்டுனா, டொக், டொக். உச்சி அசைஞ்சுது. பவளம் பக்கத்து மரத்துல கட்டையால டம் டம்னு அடிச்சா. நாச்சியா புரிஞ்சுக்கிட்டு ஓடிட்டா. மரம் பொத்துனு விழுந்துது. 'பாத்தியா, வாயைத் தொறக்காமலே ஆச்சு'ன்னு பவளம் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டா.

அப்புறம் ரெண்டாவது மரம், கொஞ்சம் பெருசு. அன்னைக்குக் காத்து உய்ய்ய்னு அடிச்சுது. பவளம் அடிச்ச சத்தம் பாதிதான் கேட்டுச்சு. நாச்சியா ஓடுறதுக்குள்ள ஒரு கிளை தோள்ல சரேல்னு கீறிட்டுப் போச்சு. அன்னைக்குச் சாயங்காலம் நாச்சியா குழந்தைக்குப் பால் குடுக்கிறப்போ பவளம் அந்தத் தோளைப் பாத்தா. கன்னிப் போயிருந்துச்சு.

"பாப்பா, உங்கம்மாவுக்கு வலிக்குதான்னு கேளு."

"பாப்பா, கேக்குறவங்க நேரா கேக்கலாம்னு சொல்லு."

பவளம் கேக்கல.

அப்புறம் மூணாவது மரம். அது நின்ன நெலையிலயே காஞ்சுபோன தேவதாரு. காஞ்ச மரம் நல்லா எரியும், ஆனா மேல எது எப்ப முறியும்னு சொல்ல முடியாது. அதை வெட்டித்தான் ஆகணும், வீட்டுல ஒரு சுள்ளி கூட இல்ல. குழந்தை ரெண்டு நாளா இருமுது.

நாச்சியா வெட்டுனா. டொக். டொக். டொக். பவளம் நிமிந்து பாத்துக்கிட்டே நின்னா. அப்போ மேல கிர்ர்ர்னு ஒரு சத்தம். கழிக்கு எட்டாத மர உச்சி, பனிச் சுமையோட, ஒடிஞ்சு சாஞ்சுது. கீழ விழல. ஒரு நார்ல தொங்குச்சு, நாச்சியா தலைக்கு நேரா.

பவளம் கட்டையால அடிச்சா. டொக்!

நாச்சியா நகரல. கோடாலியும் டொக்குன்னுதான் கேக்குது, கட்டையும் இப்போ டொக்குன்னுதான் கேக்குது. மறுபடி அடிச்சா. நாச்சியா நகரல. பவளத்துக்கு வாய் தொறந்துச்சு, சத்தம் வரல. 'கூப்பிட்டா நான் தோத்தேன்'னு ஒரு நெனப்பு. அந்த நேரத்துலயும்! நெஞ்சுல குழந்தை சூடா மூச்சு விட்டுது. இது யாரோட புள்ளைன்னு அப்பத்தான் அவளுக்கு உறைச்சுது.

"நாச்சியா! நாச்சியா, ஓடு!"

காடு பூரா எதிரொலிச்சுது. குழந்தை வீல்னு அலறுச்சு. நாச்சியா கோடாலியைப் போட்டுட்டு மிதிச்ச வழியில ஓடுனா. நார் அறுந்துது. தடால்! ஒடம்பு தப்பிச்சுது. வலது கால் மட்டும் அடியில மாட்டிக்கிச்சு.

பவளம் குழந்தையை முதுகுப் பக்கம் திருப்பிக் கட்டிக்கிட்டு, கழியைக் குடுத்து நெம்புனா. வெறுங்கையால பனியைத் தோண்டுனா. நகமெல்லாம் ரத்தம். நாச்சியாவை வெளிய இழுத்தா. தேவதாருக் கிளையில கிடத்தி, வீடு வரைக்கும் இழுத்துக்கிட்டே வந்தா. காலுக்கு ரெண்டு பக்கமும் கம்பு வெச்சுக் கட்டுனா.

"முன்னாடியே கூப்பிட்டிருக்கணும் அண்ணி. என் திமிருதான் உங்க காலை ஒடிச்சிடுச்சு"ன்னு தேம்பித் தேம்பி அழுதா.

நாச்சியா கூரையைப் பாத்துக்கிட்டே சொன்னா. "உன் திமிரு மட்டுமா? மேல முறிஞ்ச சத்தம் எனக்கும் கேட்டுச்சு. நீ கட்டையால அடிச்சதும் கேட்டுச்சு. வாயைத் தொறந்து கூப்பிடுறாளா பாப்போம்னுதான் நின்னேன்."

பவளம் அழுகையை நிறுத்திட்டா. ஒரு உசுரு போக இருந்தது வெறும் வீம்புக்குன்னு ரெண்டு பேருக்கும் புரிஞ்சுது. அதுக்கப்புறம் நாச்சியா, "அன்னைக்கு உன் கையைப் பத்தி நான் சொன்னது தப்பு, பவளம்"னா. நேரா அவ மொகத்தைப் பாத்து. பாப்பாகிட்ட இல்ல.

விழுந்த உச்சியைப் பவளம் வெட்டிக் கொண்டாந்தா, அது அடுப்புல கொஞ்ச நாள் எரிஞ்சுது. குழந்தை இருமல் நின்னுச்சு. ஆனா பனி உருகல. மறுபடி காட்டுக்குப் போகணும். இப்போ கோடாலி பவளம் கையில. நாச்சியாவைக் கம்பளி சுத்தி, இழுவைப் பலகையில ஒக்கார வெச்சு, மடியில குழந்தையோட கூட்டிட்டுப் போனா. பனியை மிதிச்சு வழி போட்டா. கிளையைத் தட்டி உதுத்தா. கோடாலியை ஓங்குனவ, எறக்கிட்டா.

"அண்ணி, கூப்பிடுவீங்களா?"

நாச்சியா உச்சியிலருந்து கண்ணை எடுக்கல. "சந்தேகம் வந்தாலே கூப்பிடுவேன். ஒண்ணும் இல்லாததுக்குக் கூப்பிட்டேன்னு திட்டக் கூடாது."

"திட்டுவேன். ஆனா ஓடி வந்துட்டுத்தான் திட்டுவேன்."

அப்புறம் பவளம் மேல பாக்கல. ஒரு தடவை கூடப் பாக்கல. குனிஞ்சு வெட்ட ஆரம்பிச்சா. டொக். டொக். டொக்.

ம் கொட்டல. போகட்டும். அவங்க விறகு வீடு போய்ச் சேரட்டும், கதையும் அதோட படுத்துக்கட்டும். நீ தூங்கு.