ஆளில்லாத வீட்டின் ஓலை

முன்னொரு காலத்தில் கொன்றைநாடு என்ற சீமையை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்பது மரியாதைக்குச் சொல்வது. பெரும்பாலும் கோபித்துக்கொண்டிருந்தான்.

ஒருநாள் அவனுக்குப் படைக்கணக்கின் மேல் கோபம் வந்தது. அந்த நாட்டில் வீட்டுக்கு ஓர் ஓலை. சண்டைக்குப் போகத்தக்க ஆண்கள் அந்த வீட்டில் எத்தனை பேர் என்று அதில் எழுதி, ராஜமுத்திரை வைத்திருப்பார்கள்.

"பக்கத்து நாட்டான் ஓலைக்கட்டு மார்பு உயரம் இருக்கிறதாம். நம்முடையது என் முழங்காலுக்குக்கூட வரவில்லை. இதைப் பார்த்து எவன் பயப்படுவான்?"

மந்திரி சாத்தன் வாய் திறப்பதற்குள் சபை அறிஞர் வச்சிரநாதர் எழுந்துவிட்டார். மந்திரியின் ஆசனத்தைப் பார்த்துப் பார்த்தே இளைத்துப்போன மனிதர் அவர்.

"பிரபு, ஆளுக்கு ஓர் ஓலை வைப்போம். ஒரு வீட்டில் நாலு ஆண்கள் என்றால் அதே ஓலையை நாலாக்குவோம். கட்டு தானாக உயர்ந்துவிடும்."

"ஆட்கள் உயரமாட்டார்களே," என்றார் சாத்தன்.

"அபசகுனமாகப் பேசாதீர்!" என்றான் ராஜா.

வேலை தொடங்கியது. ஓர் எழுத்தர் மட்டும் தயங்கினார். "ஐயா, இந்த வீட்டில் ஆண்கள் பூஜ்யம் என்றிருக்கிறதே, என்ன செய்ய?"

"ராஜமுத்திரை பட்ட ஓலையை எறிவதா? ஒன்றாவது இருக்கட்டும்," என்றார் வச்சிரநாதர். அறிவாளி அல்லவா, யோசிக்கவே இல்லை.

கட்டு ராஜாவின் மார்பைத் தொட்டது. உடனே படைக்கு அழைப்பும் போனது. ஓலைக்கு ஓர் ஆள் வரவேண்டும், வராத வீடு பறிமுதல். மறுநாளே வெள்ளையம்மா என்ற விதவை சபைக்கு ஓடிவந்தாள்.

"மகாராஜா, போன சண்டைக்குப் புருசனையும் மகனையும் அனுப்பினேன். ரெண்டு பேருமே திரும்பலே. இப்ப இன்னொரு ஆள் கேக்குறாங்க. நான் எங்க போவேன்? அந்த வீடு ஒண்ணுதான் மிச்சம் சாமி!"

"ஓலை இருக்கிறது. ஓலை இருந்தால் ஆள் இருந்தே தீரவேண்டும்," என்றார் வச்சிரநாதர்.

சாத்தன் ஓர் ஓலையில் ஏதோ எழுதி ராஜாவிடம் நீட்டினார். "பிரபு, நம் சபைக்கும் ஓர் ஓலை. 'அரசவை. ராஜத்துரோகிகள்: பூஜ்யம்.' சரிதானே?"

ராஜா பூரித்துப்போய் முத்திரை குத்தினான்.

"வச்சிரநாதரே, உங்கள் முறைப்படி இதற்கு எத்தனை ஓலை?" என்று கேட்டார் சாத்தன்.

"ஒன்று," என்றார் அவர், கணக்கில் தன்னை யாரும் மிஞ்சக்கூடாது என்ற அவசரத்தில்.

"ஓலை இருந்தால் ஆள் இருந்தே தீரவேண்டும். அப்படியானால் யார் அந்தத் துரோகி?"

ராஜாவின் கை வாளுக்குப் போனது. கண் வச்சிரநாதர் மேல் நின்றது.

"ஐயோ பிரபு! பூஜ்யம் என்றால் யாருமே இல்லை என்றுதான் அர்த்தம்!"

"அந்த அம்மாள் வீட்டிலும் அப்படித்தான்," என்றார் சாத்தன்.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அவரிடம் கொடுத்தான். ராஜாக்கள் மாலை கொடுப்பார்கள், தப்பு செய்தேன் என்று சொல்லமாட்டார்கள். பிறகு வச்சிரநாதர் பக்கம் திரும்பினான்.

"வீடு அந்த அம்மாளுக்கே. ஆனால் முத்திரை ஓலையை எறியக்கூடாது என்றவர் நீர். அந்த வீட்டு ஆளாக நீரே படைக்குப் போம்!"

மறுநாள் காலை மைதானத்தில் தளபதி கூப்பிட்டார். "வெள்ளையம்மா வீட்டு ஆள்!"

"இருக்கிறேன்," என்றது ஒரு மெலிந்த குரல்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த வெள்ளையம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "முன்னாடி போய் நில்லுங்க ஐயா. எங்க வீட்டு ஆளுங்க எப்பவும் முன்வரிசைதான்."