ஊசி முனைக் கறுப்பு

சீடருக்கு வயது அறுபத்தாறு. குருவுக்கு முப்பத்தொன்று. இதில் இரண்டு பேருக்கும் ஒரு சங்கடமும் இல்லை. ஊரில் சிலர் சிரித்தார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

சீடர் அமலதாஸ், திருச்சியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ பிள்ளைகளின் காதைத் திருகிய கை அவருடையது. குரு ஷம்ஷாத், பாலக்கரையில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இசைத்தட்டும் அதைப் பாட வைக்கும் பெட்டியும் விற்கிறவள். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை சார் என்பாள்.

எட்டு மாதத்துக்கு முன் முதல் பெட்டி வாங்க வந்த அன்றே கேட்டார்.

"எங்கேருந்து ஆரம்பிக்கணும் டீச்சர்?"

"கீறல் விழுந்தாலும் அழ மாட்டீங்கல்ல, அந்த மாதிரி தட்டா ஒரு பத்து வாங்குங்க சார். முதல்ல கை பழகட்டும்."

தலைமையாசிரியர் இல்லையா, பத்து என்றால் நாற்பது வாங்கினார். படுக்கப் போட்டால் தட்டு வளைந்துவிடும் என்று அவள் சொன்னதால், அத்தனையையும் அலமாரியில் அகர வரிசைப்படி நிற்க வைத்தார். ஆனால் ஒன்றையாவது உறையை விட்டு எடுத்தாரா என்றால், இல்லை. அவர் போட்டுக் கேட்டது ஒரே தட்டு. அது கடையில் வாங்கியது இல்லை.

அமலதாஸ் வீட்டார் போகும் பங்குக் கோயிலின், அதாவது அந்த வட்டாரத்து சர்ச்சின், நூற்றாண்டு விழாவுக்குப் பாடகர் குழு பாடிய தட்டு அது. இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு. நடுவில் எல்லோரும் நிறுத்திக்கொள்ள, ஒரு பெண் மட்டும் தனியாக நாலு வரி பாடுவாள். அவள் ஜெசிந்தா, அமலதாஸின் மனைவி. குழந்தைக்கு நாலு மாதம் ஆகியிருந்தபோது காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்கப்புறம் தட்டு பீரோவில் அவள் புடவைகளுக்கு நடுவே கிடந்தது. கேட்கும் தெம்பு அவருக்கு இத்தனை வருஷம் வரவில்லை.

அந்தக் குழந்தை பெனிட்டாவுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. கனடாவில் இருக்கிறாள். அம்மாவின் குரலை இதுவரை கேட்டதே இல்லை.

"போன்ல பதிஞ்சு அனுப்பாதீங்கப்பா. நான் வந்து உங்க பக்கத்துல உக்காந்து கேக்கறேன்" என்று சொல்லியிருந்தாள். அவர் அனுப்பவும் இல்லை, பதியவும் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறாள்.

வியாழக்கிழமை காலையில் அமலதாஸ் பெட்டியையும் தட்டையும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து, மூச்சு வாங்க மாடிப்படி ஏறினார்.

"குரல் மங்குது டீச்சர். ஊசி போயிடுச்சு போல. புதுசு ஒண்ணு போட்டுக் குடுங்க."

ஷம்ஷாத் மூடியைத் திறந்தாள். திறந்த கை அப்படியே நின்றது. ஊசியைத் தாங்கும் கரத்தின் தலைமேல் கனத்த பழைய ஐந்து ரூபாய்க் காசு ஒன்று, டேப் போட்டு ஒட்டியிருந்தது.

"இது என்ன சார்?"

"நான் நடந்தா ஊசி துள்ளுது. எங்க ஊர்க் கல்யாணத்துல எல்லாம் மைக்செட்காரர் இப்படித்தான் காசு வைப்பாரு. சின்ன வயசுலயே பாத்து வெச்சிருக்கேன்" என்றார். சரியான விடை சொன்ன பிள்ளையின் பெருமை குரலில் இருந்தது.

"எவ்வளவு நாளா?"

"முதல் வாரத்துலேருந்தே."

"ஒரு நாளைக்கு எத்தனை தரம்?"

"காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு." கொஞ்சம் தயங்கி, "ஞாயித்துக்கிழமைன்னா நாலஞ்சு ஆயிடும்" என்றார்.

அவள் தீப்பெட்டி அளவுத் தராசு ஒன்றை எடுத்து வந்து அதன்மேல் ஊசியை இறக்கினாள்.

"ரெண்டு கிராம் காட்டணும்."

தராசு பதினொன்று காட்டியது.

"ஊசியைத் துடைக்கறது உண்டா சார்?"

"அதுல நான் கறார் டீச்சர். ஓடி முடிஞ்சா முனையில கறுப்பா தூசி கட்டியிருக்கும். பிரஷ்ஷால தட்டி, குப்பையில போட்டுடுவேன். இன்னைக்குத்தான் துடைக்கல. பதறிக் கிளம்பிட்டேன்."

அவள் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, ஊசி முனையைப் பிரஷ்ஷால் மெல்லத் தட்டினாள். கண்மை துளி சிந்தியது போல் கொஞ்சம் கறுப்பு விழுந்தது. பூதக்கண்ணாடியை அவரிடம் நீட்டினாள். பார்த்தார். பென்சில் சீவிப் போட்டது போல் சுருள் சுருளாக இருந்தது.

"வீட்டுத் தூசி இவ்வளவு கறுப்பா இருக்காது சார். இது தட்டு."

"தட்டுன்னா?"

"பாட்டு."

அமலதாஸ் கையில் பூதக்கண்ணாடியோடு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எட்டு மாதம், இரண்டு வேளை.

"தட்டித் தட்டி அவளைக் குப்பையில போட்டிருக்கேன் டீச்சர்."

அன்றைக்கே சொன்னேனே என்று ஷம்ஷாத் சொல்லவில்லை. சொல்லித் திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் காசைப் பிய்த்தாள், புது ஊசி மாட்டினாள், பெட்டியின் ஒரு காலுக்கு அட்டை செருகி மட்டம் பார்த்தாள். கரத்தின் கனத்தை இரண்டு கிராமுக்குக் கொண்டுவந்து, தட்டைப் போட்டாள். எழுந்து பக்கத்தில் நடந்து காட்டினாள். ஊசி துள்ளவில்லை.

பாடகர் குழு எங்கோ சுவருக்கு அந்தப் பக்கம் பாடியது. நடுவில் எல்லோரும் நிறுத்தினார்கள். அப்புறம் வெறும் சரசரப்பு. நாலு வரி நீளத்துக்கும் சரசரப்புதான். அவள் ஊசியைத் தூக்கிவிட்டாள்.

"வேற யார்கிட்டயாவது இந்தத் தட்டு?"

"பங்கு முழுக்கக் கேட்டுட்டேன். ஒருத்தர்கிட்டயும் இல்ல. பெத்த பொண்ணுகிட்ட நான் என்ன சொல்லட்டும் டீச்சர்?"

ஷம்ஷாத் தட்டை உறையில் போட்டாள்.

"அந்த நாலு வரி எப்படிப் போகும் சார்? நான் கேட்டதே இல்லையே."

"எனக்குப் பாட வராது. பள்ளிக்கூடப் பிரேயர்லகூட வாயை மட்டும் அசைச்சுட்டு நிப்பேன்."

"பாட வேண்டாம். எப்படிப் போகும்னு மட்டும் சொல்லுங்க."

சொல்லத்தான் ஆரம்பித்தார். முதல் வரி பாதியிலேயே பாட்டாகிவிட்டது. இரண்டாவது வரி முடிவில் மூச்சு போதாமல் ஜெசிந்தா அவசரமாக ஒரு மூச்சு இழுப்பாள். அந்த இடத்தில் அவரும் இழுத்தார். மூன்றாவது வரியில் ஆர்மோனியத்துக்கு முந்திக்கொண்டு ஒரு படி ஏறிவிடுவாள். அவரும் ஏறினார். கடைசிச் சொல்லை நீட்டாமல் வெடுக்கென்று முடிப்பாள். அவரும் வெடுக்கென்று முடித்தார். கீழே டயர் கடையில் சுத்தியல் சத்தம் அதுபாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

அமலதாஸ் தன் தொண்டையைத் தானே பிடித்துக்கொண்டார்.

"இது நான் இல்ல டீச்சர். அவ மூச்சு வாங்கற இடம்கூட..."

ஷம்ஷாத் அந்த ஐந்து ரூபாய்க் காசை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

"தட்டு பத்திரமா இருக்குன்னு சொல்லுங்க சார். ஞாயித்துக்கிழமை நீங்க பாடும்போது காசு மட்டும் வைக்க வேண்டாம்."