உமைதாணு வீட்டு உத்திரம்

"அந்த ஆளு விக்கவே மாட்டாரு ஆசானே. உங்களுக்கும் அது தெரியும். தெரிஞ்சே என்னை அலைய விடுறீங்க."

ஜஸ்டஸ் ஒரு பழைய கதவுல இருந்து ஆணி பிடுங்கிக்கிட்டு இருந்தான். தலையைத் தூக்கல.

"வெள்ளிக்கிழமை போவோம்க்கா."

அவன் என்னைவிடச் சின்னவன். இடிக்கிற வீடுகள்ல நல்ல மரமாப் பாத்து வாங்கி, புதுசா வீடு கட்டுறவங்களுக்குக் கொடுக்கிற தொழில். அதைக் கத்துக்கத்தான் மதுரையில இருந்து நாகர்கோவிலுக்கு வந்தேன். கிண்டலுக்குத்தான் ஆசான்னு கூப்பிட ஆரம்பிச்சேன். அவன் கோவிச்சுக்கல. அந்தப் பேரே நிலைச்சிருச்சு.

"வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை. அங்க டாக்டரம்மா கர்டர் போடப் போறாங்க."

டாக்டரம்மா வீடு, நான் தனியாப் பிடிச்ச முதல் ஆர்டர். ஹாலுக்குக் குறுக்க, மச்சைத் தாங்குறதுக்கு, ஒட்டு இல்லாத ஒரே நீளத் தேக்கு உத்திரம் கேட்டாங்க. இந்த வாரம் கிடைக்கலைன்னா இரும்பு கர்டரைப் போட்டு முடிச்சிருவாங்க. அப்படி ஒரு உத்திரம் இந்தச் சுத்துவட்டாரத்துல ஒரே வீட்டுலதான் இருந்துச்சு.

உமைதாணு வீடு. கேட்டுல ஒரு தகர போர்டு: பழைய மரம் விற்பனைக்கு. எழுத்து மங்கினா அவரே பெயிண்ட் வாங்கித் திரும்ப எழுதுவாரு. உள்ள அவர் ஒருத்தர்தான்.

ஒவ்வொரு தடவையும் இதேதான். காப்பி போடுவாரு. ஜஸ்டஸ் அண்ணாந்து பாத்து ஏதாவது குறை சொல்லுவான். ஓரம் வெளுத்திருக்கு, மழைத்தண்ணி இறங்கியிருக்குன்னு. வாங்குறவன் குறை சொல்றதும் விக்கிறவன் உசத்திப் பேசுறதும் இந்தத் தொழில்ல வழக்கம். உமைதாணுவுக்குக் கோவம் வரும். அந்த மரம் மலையில இருந்து இறங்கின கதை, அதைச் செதுக்கின ஆசாரி சாப்பிட்ட கதை, எல்லாம் வரும். கடைசியில ஒரு விலை சொல்லுவாரு. ஜஸ்டஸ் பாதிக்குக் கேப்பான்.

"அடுத்த வெள்ளிக்கிழமை பேசுவோம் ஓய்"ம்பாரு உமைதாணு.

திரும்பி வர்ற வழியெல்லாம் நான் திட்டிக்கிட்டே வருவேன். ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திட்டா, மறுநாள் கடை திறக்கிற வரைக்கும் எனக்குத் திட்டக்கூட ஆள் இருக்காது.

அந்த வெள்ளிக்கிழமையும் போனோம்.

"தெக்குப் பக்கம் வெடிப்பு மாதிரி தெரியுதே"ன்னான் ஜஸ்டஸ்.

"வெடிப்பா? நீரு மொதல்ல கண்ணாடி போடும் ஓய். எங்க அப்பா இதை ஏத்தும்போது..."

"வெடிப்பும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல." நான் குறுக்க விழுந்தேன். "இந்த மரத்துல ஒரு குறையும் கிடையாது சார். இப்படி ஒரு உத்திரத்தை நான் பாத்ததே இல்ல. நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்கிறேன்."

ஜஸ்டஸ் டம்ளரைக் கீழ வச்சான்.

உமைதாணு என்னைப் பாத்தாரு. அண்ணாந்து உத்திரத்தைப் பாத்தாரு.

"சொன்ன விலைக்கேவா?"

"சொன்ன விலைக்கே."

பாதியில விட்ட அப்பா கதையை அவர் திரும்ப எடுக்கல.

"போர்டு வச்சவன் மாட்டேன்னு சொல்ல முடியுமா"ன்னாரு, மெதுவா. "நாளைக்கு ஆளக் கூட்டிட்டு வா மக்ளே. உத்திரம் போனா மச்சு நிக்காது. நான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ரூம் பாத்துக்கிடுதேன். ஒத்த ஆளுக்கு என்ன."

நான் ஜஸ்டஸைப் பாத்து, எப்படிங்கிற மாதிரி ஒரு சிரிப்பு சிரிச்சேன்.

அவன் எழுந்தான். பெஞ்ச் மேல ஏறினான். சுத்தியல் காம்பால உத்திரத்தைத் தட்டினான். ணங்னு கேட்டுச்சு. காதை வச்சு இன்னொரு தடவை தட்டினான்.

"கறையான்"ன்னான். "உள்ள கூடு கட்டியிருக்கு. எங்களுக்கு வேண்டாம்."

இறங்கிச் செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய போயிட்டான்.

தெருவுல அவன் பைக்கை மறிச்சு நின்னேன்.

"தட்டுனது எனக்கும் கேட்டுச்சு."

"ம்."

"கறையான் தின்ன மரம் அப்படிக் கேக்காது. நீங்க சொல்லிக் கொடுத்ததுதான்."

"ஆமா."

"பொய் சொன்னீங்க."

"ஆமாக்கா."

"என் ஆர்டர் போச்சு. உங்களுக்கு நாளைக்கே வேற ஒண்ணு வரும். எனக்கு இந்த ஊர்ல அதை விட்டா என்ன இருக்கு?"

அவன் சாவியைக் கையில வச்சுக்கிட்டு அந்த வீட்டையே பாத்துக்கிட்டு இருந்தான்.



அப்புறம் கதவு படார்னு திறந்துச்சு. உமைதாணு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு கேட் வரைக்கும் வந்துட்டாரு. முகம் சிவந்திருந்துச்சு.

"கறையானா? என் வீட்டுலயா? எந்த இடத்துல ஓய் கறையான்? வெள்ளிக்கிழமை வாரும். ஏணி போட்டு இஞ்சு இஞ்சாக் காட்டுதேன். அவளையும் கூட்டிட்டு வாரும். தேக்குன்னா என்னன்னு பாத்துட்டுப் போகட்டும்."

திரும்பி உள்ள போனாரு. உள்ள இருந்தும் அவர் குரல் கேட்டுச்சு. பக்கத்துல ஆள் இருக்கிற மாதிரியே பேசிக்கிட்டு இருந்தாரு.

நான் பைக்கை விட்டு விலகினேன்.

"எவ்வளவு நாளா இந்த மரத்தை வாங்கிக்கிட்டு இருக்கீங்க?"

"மொதல்ல எங்கப்பா வாங்கிட்டு இருந்தாரு. அவருக்கு அப்புறம் நான்."

பைக்கை உதைச்சு ஸ்டார்ட் பண்ணான்.

"வர்ற வெள்ளிக்கிழமை எனக்குத் தக்கலையில வேலை. நீங்க போங்க."

"நான் தனியாப் போய் என்ன செய்ய?"

"குறை சொல்லுங்கக்கா. அது உங்களுக்கு நல்லா வருமே."